நிலத்தடி எரிபொருள் டேங்கைச் சுத்தம் செய்து மூடும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பெட்ரோல் பங்கில் பூமிக்கு அடியில் கிடக்கும் டேங்க், நிரம்பி இருக்கும்போது சாது. உள்ளே இருந்ததையெல்லாம் உறிஞ்சி எடுத்து, டிப் ராடு (எரிபொருள் மட்டம் அளக்கும் கம்பி) காய்ந்து வெளியே வந்த பிறகுதான் ஆள் கொல்லியாக மாறுகிறது. கணக்குப் போட்டால் புரியும். பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். 7.6 சதவீதத்தைத் தாண்டினால் காற்று போதாமல் பிடிக்காது. 20 கேஎல் (20,000 லிட்டர்) டேங்கின் உள்வெளி முழுவதையும் அந்த 1.4-க்குக் கொண்டுவர ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெட்ரோல் போதும். துருச் செதிலுக்குள் ஊறிக் கிடப்பதே அதைவிட அதிகமாக இருக்கலாம். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் அந்த ஒன்றரை லிட்டரில்தான் வேர் பிடித்திருக்கின்றன.

இங்கே சொல்லும் அளவுகள் தமிழ்நாட்டு பங்குகளில் சாதாரணமாகப் பார்க்கும் 20 கேஎல் இரும்பு டேங்குக்கு: விட்டம் 2 மீட்டர், நீளம் சுமார் 6.5 மீட்டர், ஒற்றைச் சுவர், 8 மி.மீ. தகடு. உங்கள் டேங்க் வேறு அளவு என்றால் அந்த விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

மூடியில் கை வைக்கும் முன் காகித வேலை முடிந்திருக்க வேண்டும். படிவம் 14 உரிமத்தில் இருக்கும் டேங்கை பெசோவுக்கும் (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) எண்ணெய் நிறுவனத்துக்கும் தெரியாமல் மூடவோ தோண்டவோ கூடாது. 2002 பெட்ரோலிய விதிகளின்படி, டேங்க் ஆவி நீங்கியதாகத் தகுதியுள்ளவர் சோதித்து எழுதிக் கையெழுத்திட்ட பிறகே ஆள் இறங்கலாம், நெருப்பு வேலையும் செய்யலாம். வாய்வழி அனுமதிக்கு மதிப்பு கிடையாது.

டிஸ்பென்சர் காற்றை இழுக்கிறது, ஆனால் டிப் ராடில் இன்னும் ஈரம்

உறிஞ்சு குழாயின் வாய் டேங்கின் அடியிலிருந்து 10 முதல் 15 செ.மீ. மேலே நிற்கும். அடியில் தேங்கும் தண்ணீரும் அழுக்கும் வண்டிக்குப் போகாமலிருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் டிஸ்பென்சரால் கடைசிச் சொட்டை எடுக்கவே முடியாது. 10 செ.மீ. டிப் என்றால் உள்ளே சுமார் 380 லிட்டர். 5 செ.மீ. என்றாலும் கிட்டத்தட்ட 135 லிட்டர். "அடியில் கொஞ்சம்தான் இருக்கு" என்று சொல்லும்போது நினைவில் இருக்க வேண்டிய எண்கள் இவை.

மிச்சத்தை எடுக்கக் காற்றில் ஓடும் டயாஃப்ரம் பம்ப் வேண்டும். ஹோஸ் மின்சாரம் கடத்தும் வகையாக இருக்கட்டும். ஹோஸ், பம்ப், டேங்க், பிடிக்கும் பாத்திரம் நான்கையும் செம்பு வயரால் இணைத்து எர்த் செய்யுங்கள். டேங்கை ஒரு பக்கம் சற்றுச் சாய்த்தே புதைத்திருப்பார்கள். எனவே இரண்டு முனையிலும் டிப் போட்டுத் தாழ்ந்த முனையைக் கண்டுபிடித்து அங்கே உறிஞ்ச வேண்டும். மேன்ஹோல் உயர்ந்த முனையில் இருந்தால் அங்கே டிப் காய்ந்துதான் வரும், அதை நம்பாதீர்கள்.

குழாய்களை மறந்துவிடுவது அடுத்த தவறு. 2 அங்குலக் குழாய் 30 மீட்டர் ஓடினால் அதற்குள் 60 லிட்டர் நிற்கும். டிஸ்பென்சர் பக்கம் திறந்து, எல்லாவற்றையும் முதலில் டேங்குக்கே வடித்துவிட்டு, அதன் பிறகு டேங்கை உறிஞ்ச வேண்டும். வரிசையை மாற்றினால் பாதி வேலையை இரண்டாம் முறை செய்வீர்கள்.

அடியில் வருவது "தண்ணீர்தான்" என்று வாய்க்காலில் விடுவதும் நடக்கிறது. 2025-இல் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. தண்ணீர் அதிகமாகச் சேர்ந்தால் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு அடியில் இறங்கிவிடும். அந்த அடுக்கு பார்க்கத் தண்ணீர் போலவே தெரியும், ஆனால் தீப்பிடிக்கும். டிப் ராடில் தடவித் தண்ணீரைக் கண்டுபிடிக்கும் சாதாரண வாட்டர் பேஸ்ட் இந்தக் கலவையில் சரியாக நிறம் மாறாது. எத்தனால் பெட்ரோலுக்கென்று வரும் பேஸ்டையே பயன்படுத்துங்கள்.

மீட்டர் ஒரு கணம் ஏறி, சட்டென 0 காட்டுகிறது. வாசனை மட்டும் மூக்கைத் துளைக்கிறது

இந்த வேலையில் உயிரை எடுக்கும் 0 இதுதான்.

பெரும்பாலான கேஸ் மீட்டர்களில் உள்ள சென்சார், ஆவியைத் தனக்குள்ளே எரித்துப் பார்த்து எண் சொல்கிறது. அந்த எண்தான் எல்இஎல்: தீப்பிடிக்கும் கீழ் எல்லையான 1.4 சதவீதத்தை 100 என்று வைத்துச் சொல்லும் கணக்கு. எரிய ஆக்சிஜன் வேண்டும். டேங்கில் ஆவி மிக அடர்த்தியாக இருந்தால் சென்சாருக்குள் எரிய வழியில்லை. முள் 100-ஐத் தாண்டி ஓடி, திரும்பி வந்து 0-வில் விழும். அப்போதுதான் மூடி திறந்த பெட்ரோல் டேங்கில் ஆவி 40 சதவீதத்துக்கு மேலும் இருக்கலாம். மீட்டரின் பார்வையில் அது "சுத்தம்". திரையை ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவருக்குத்தான் முள் ஏறியது தெரியும். மீட்டரின் ஹோஸை இறக்கிவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தவருக்கு 0 மட்டும்தான் தெரியும்.

இதைப் பிடிக்க நல்ல வழி அதே மீட்டரில் இருக்கும் ஆக்சிஜன் எண். நல்ல காற்றில் அது 20.9. வேறு ஏதோ ஒன்று 5 சதவீதம் உள்ளே நுழைந்தால் ஆக்சிஜன் வெறும் 1 புள்ளிதான் குறைந்து 19.9 ஆகும். ஆனால் 5 சதவீதம் பெட்ரோல் ஆவி என்பது வெடிக்கும் எல்லைக்கு நட்ட நடுவில். ஆகவே எல்இஎல் 0 காட்டி, ஆக்சிஜன் 20.9-ஐ விட்டு இறங்கியிருந்தால் அந்த 0-வை நம்பாதீர்கள். மீட்டரை நல்ல காற்றில் வைத்துச் சரியாகும் வரை விட்டு, மறுபடி மேலிருந்து மெதுவாக இறக்கி, ஏறும் எண்ணைக் கண்ணால் பாருங்கள்.

மீட்டர் குறைத்துக் காட்ட இன்னும் மூன்று காரணங்கள் உண்டு. மீத்தேன் கேஸில் காலிபரேஷன் செய்த மீட்டர் பெட்ரோல் ஆவியை ஏறத்தாழ பாதியாகக் காட்டும். 5 என்றால் உண்மையில் 10. பென்டேன் அல்லது ஹெக்சேனில் செய்து வாங்குங்கள். சிலிக்கோன் ஸ்ப்ரே பட்ட சென்சார் செத்துவிடும், எப்போதும் 0 காட்டும். அதற்காகத்தான் தினமும் காலையில் சோதனை கேஸ் காட்டி, முள் ஏறுகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது, ஹோஸ். மலிவான பிளாஸ்டிக் ஹோஸ் ஆவியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். 10 அடி ஹோஸ் என்றால் குறைந்தது ஒரு நிமிடம் காத்திருந்து எண்ணை எழுதுங்கள்.

மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் அளவெடுக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனமானது. மேன்ஹோல் வாயில் 0 இருந்து அடியில் 60 இருப்பது வழக்கம்தான்.

காலையில் 0 காட்டியது, மதியம் 12 காட்டுகிறது

ஆவி தானாக முளைக்காது. எங்கோ திரவம் இருக்கிறது. தேட வேண்டிய வரிசை இது:

முதலில் குழாய்கள். கழற்றிய இணைப்பில் பிளைண்ட் (அடைக்கும் தகடு) போடாமல் வால்வை மட்டும் மூடியிருந்தால், வால்வு கசிந்து சொட்டிக்கொண்டே இருக்கும். வால்வை மூடுவது துண்டிப்பு ஆகாது. குழாயைக் கழற்றி இரு முனையிலும் தகடு வைத்து போல்ட் போடுவதுதான் துண்டிப்பு.

அடுத்து வென்ட், அதாவது டேங்கின் ஆவி வெளியேறும் குழாய். பக்கத்து டேங்க் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், இரண்டின் வென்ட் குழாயும் மேலே ஒன்றாகச் சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தால், டேங்க் லாரி வந்து பக்கத்து டேங்கில் இறக்கும்போது வெளியேறும் ஆவி நேராக உங்கள் சுத்தமான டேங்குக்குள் இறங்கும். லாரி வந்த நேரத்தையும் எண் ஏறிய நேரத்தையும் ஒப்பிட்டாலே இது தெரிந்துவிடும்.

மூன்றாவது துருவும் சேறும். வெயில் ஏறத் தகடு சூடாகி, செதிலுக்குள் ஊறியது ஆவியாகும். சுரண்டும்போது எண் ஏறினால் காரணம் இதுதான். ஆளை மேலே ஏற்றி, காற்றோட்டம் கொடுத்து, எண் இறங்கிய பிறகே தொடர வேண்டும். மீட்டர் உள்ளே வேலை செய்பவரின் மார்பில் மாட்டியிருக்க வேண்டும். காலை எடுத்த எண்ணுக்கு மதியம் மதிப்பில்லை. ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் புதிதாக அளந்து பெர்மிட்டில் எழுதுங்கள்.

10 வரை பரவாயில்லை என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. தீக்கு வேண்டுமானால் அது சரி. நுரையீரலுக்குச் சரியில்லை. பெட்ரோலுக்கு 10 சதவீத எல்இஎல் என்பது 1,400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,400 பங்கு). எட்டு மணி நேர வேலைக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு 300 பிபிஎம். பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீனும் இருக்கலாம், அது புற்றுநோய் தருவது. மூச்சுக் கருவி இல்லாமல் இறங்க வேண்டுமென்றால் எல்இஎல் 0, ஆக்சிஜன் 20.9 என இரண்டும் சேர்ந்து காட்ட வேண்டும்.

ப்ளோயர் இரண்டு மணி நேரமாக ஓடுகிறது, எண் இறங்கவில்லை

காற்று உள்ளே போன வழியிலேயே வெளியே வருகிறது என்று அர்த்தம். மேன்ஹோலில் வைத்து ஊதினால் அந்த வாயைச் சுற்றி மட்டும் காற்று புரளும். அடியில் கிடக்கும் கனமான ஆவி அசையாது. அடிவரை போகும் குழாயை வைத்து அடியிலிருந்து இழுங்கள். மறுமுனையில் உள்ள நிரப்பு குழாயைத் திறந்து புதுக்காற்று அந்த வழியாக நுழையட்டும். 20 கேஎல் டேங்குக்கு மணிக்கு 400 கன மீட்டர், அதாவது உள்காற்று 20 முறை மாறும் அளவு, போதுமானது.

அமுக்கிய காற்றில் ஓடும் ஏர் மூவர் என்னும் காற்றிழுக்கும் கருவிதான் இதற்கு நல்லது. டேங்கோடு இணைத்து எர்த் செய்திருக்க வேண்டும். மின் ப்ளோயர் என்றால் ஃப்ளேம்ப்ரூஃப் (உள்ளே பற்றும் தீ வெளியே வராத வகை) அல்லாத எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. கம்ப்ரஸரை, காற்று வீசி வரும் பக்கத்தில் தள்ளி நிறுத்துங்கள். இழுக்கும் ஆவியைத் தரையில் விடாதீர்கள். 4 மீட்டர் உயரக் குழாய் வழியாக மேலே விடுங்கள். தரையில் விட்டால் அது தவழ்ந்து போய் டிஸ்பென்சர் குழியிலும் மழைநீர் வடிகாலிலும் இறங்கி உட்காரும்.

காற்று கொடுக்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும். 40 சதவீதத்தில் இருந்து 0-வுக்குப் போகும் வழியில் டேங்க் 7.6-க்கும் 1.4-க்கும் நடுவே கடந்தே ஆக வேண்டும். ஆபத்து குறைகிறது என்று எல்லாரும் நினைக்கும் அந்த நேரத்தில்தான் டேங்க் வெடிக்கத் தயாராக இருக்கிறது. அந்த நேரம் முழுவதும் காற்று போகும் பக்கம் குறைந்தது 15 மீட்டருக்கு வண்டி, மொபைல், ஸ்விட்ச் எதுவும் கூடாது. பக்கத்து டிஸ்பென்சரில் விற்பனையும் நிற்க வேண்டும். காற்றே அசையாத விடிகாலை இதற்குத் தோதான நேரமல்ல. கடலோர ஊர்களில் கடற்காற்று எழும் நண்பகல் நல்லது. இடி முழங்கினால் நிறுத்திவிடுங்கள்.

ட்ரை ஐஸ் போட்டும் ஆக்சிஜன் இறங்கவில்லை

தோண்டி எடுக்கப் போகும் டேங்கில் ஆவியை விரட்டுவதற்குப் பதில், ட்ரை ஐஸால் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) ஆக்சிஜனை விரட்டிவிடும் முறை இது. அளவு 1,000 லிட்டருக்கு சுமார் 1.8 கிலோ. 20 கேஎல் டேங்குக்கு 36 கிலோ. ஆக்சிஜன் 8 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும்.

இறங்கவில்லையென்றால் பெரும்பாலும் ட்ரை ஐஸைக் கட்டியாகப் போட்டிருப்பார்கள். பொடித்து, அடி முழுதும் பரவ விடுங்கள். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வெந்துவிடும். வென்டைத் தவிர மற்ற எல்லா வாயையும் அடையுங்கள். வென்டையும் சேர்த்து அடைத்தால் அழுத்தம் ஏறும். நேற்று வாங்கி வைத்த ட்ரை ஐஸ் என்றால் பாதி வழியிலேயே காற்றாகப் போயிருக்கலாம், எடை போட்டுப் பாருங்கள்.

நைட்ரஜன் என்றால் டேங்கின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு, 40 கன மீட்டர் வேண்டும். 7 கன மீட்டர் சிலிண்டர் ஆறு. மெதுவாக, அடியில் விட வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை டேங்குக்குள் அடிக்கவே கூடாது. வேகமாகச் சீறும் அந்தத் துகள்கள் நிலை மின்சாரத்தை உண்டாக்கும், அந்தப் பொறியே போதும். ஆக்சிஜனை விரட்டிய டேங்கில் எல்இஎல் எண்ணைப் பார்ப்பதிலும் பயனில்லை. முன்பு சொன்ன காரணத்தால் அது பொய் சொல்லும். ஆக்சிஜன் எண்ணை மட்டும் பாருங்கள். அந்த டேங்குக்குள் தலையை நீட்டிப் பார்ப்பவர் ஓரிரு மூச்சில் மயங்கி உள்ளே விழலாம்.

உள்ளே இறங்கியவர் தலை சுற்றுகிறது என்கிறார், அல்லது கூப்பிட்டால் பதில் இல்லை

பின்னால் யாரும் இறங்கக் கூடாது. அண்ணனோ தம்பியோ உள்ளே கிடந்தாலும் இறங்கக் கூடாது. அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986-இல் விடுத்த எச்சரிக்கை, மூடிய இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்கிறது. நம் ஊர்க் கழிவுநீர்த் தொட்டிச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல.

மேலே நிற்பவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வின்ச்சைச் சுற்றுவது. இறங்கும் முன்பே முழு உடல் ஹார்னஸ், கயிறு, மேன்ஹோல் மேல் ட்ரைபாட், வின்ச் நான்கும் தயாராக இருந்தால் ஆள் ஒரு நிமிடத்தில் மேலே வந்துவிடுவார். இவை இல்லாமல் ஆளை இறக்கிவிட்டால், மயங்கியவரை மேலே கொண்டுவர உங்களிடம் எந்த வழியும் இருக்காது. வெளியே வந்ததும் நல்ல காற்று, மூச்சில்லையென்றால் செயற்கைச் சுவாசம், 108. தீயணைப்புக்கு 101.

ஈரத் துணியும் டப்பா வைத்த முகமூடியும் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் எதற்கும் உதவாது. காற்றை வெளியிலிருந்து ஹோஸில் கொண்டுவரும் ஏர்லைன் கருவியே இதற்குப் பொருத்தம். முதுகில் சிலிண்டர் மாட்டிய ஆள் 60 செ.மீ. மேன்ஹோலில் சிக்கிக்கொள்வார். வேலை தொடங்கும் முன் மேலேயே ஒருமுறை உடுத்தி நுழைத்துப் பார்த்தால் இது தெரியும். பல ஆண்டுகள் மூடியே கிடந்த டேங்கில் ஆவி இல்லாமலேகூட ஆள் மயங்கலாம். இரும்பு துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது.

அலுமினிய ஏணியை உள்ளே இறக்காதீர்கள். துருவேறிய இரும்பில் அலுமினியம் மோதினால் தெறிக்கும் பொறி மிகச் சூடானது. நைலான், பாலியஸ்டர் சட்டையும் வேண்டாம், பருத்திதான்.

சேறு வழக்கமானதாக இல்லை

டீசல் டேங்கில் கறுப்பாக, கொழகொழவென்று ஆடை போல வந்தால் அது தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும். ஃபில்டர் அடிக்கடி அடைபட்டதற்கும் அதுவே காரணம். செதில் செதிலாகச் செம்பழுப்பு வந்தால் துரு. அடித்தகட்டில் சிறு குழிகளைத் தேடுங்கள், ஓட்டை இருக்கலாம்.

கவனம் தேவைப்படுவது பழைய பெட்ரோல் டேங்க். இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது 2000 பிப்ரவரி 1-இல். அதற்கு முன் புதைத்த டேங்கின் அடிச்சேற்றிலும் துருவிலும் ஈயச் சேர்மம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் 0 காட்டினாலும் மூச்சுக் கருவி இல்லாமல் சுரண்டக் கூடாது. காய விடாமல் ஈரமாகவே அள்ளுங்கள். அதன் மேல் கேஸ் கட்டிங் வைத்தால் ஈயப் புகை எழும்.

சுரண்டப் பித்தளை அல்லது மரக் கருவி. அள்ளியதை மூடியுள்ள 200 லிட்டர் இரும்பு டிரம்மில் போட்டு, பெயர் ஒட்டுங்கள். இது 2016 அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் வருவது. 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. படிவம் 10 சீட்டோடு, அனுமதி பெற்ற வண்டியில், கும்மிடிப்பூண்டி போன்ற அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். கழுவிய தண்ணீருக்கும் இதே விதி. டேங்க் நிறையத் தண்ணீர் நிரப்பி ஆவியை விரட்டலாம் என்பவர்கள், அந்த 20,000 லிட்டர் அழுக்குத் தண்ணீரை எங்கே அனுப்புவது என்பதை முதலில் முடிவு செய்யட்டும். தண்ணீர் நிரப்பினால் குழாய் அடிவரை போக வேண்டும். மேலிருந்து கொட்டினால் நிலை மின்சாரம் சேரும்.

மேன்ஹோல் கழுத்து நேற்றைவிடச் சற்று உயர்ந்து நிற்கிறது

டேங்க் மிதக்கிறது. வடகிழக்குப் பருவமழையில், குறிப்பாக நீர்மட்டம் உயர்ந்த கடலோர இடங்களில், காலி டேங்குக்கு இது நேரும். நிலத்தடி நீர் மேல்வரை ஏறினால் டேங்கைத் தூக்கும் விசை 20 டன். டேங்கின் எடை 3 டன். மேலே ஒரு மீட்டர் மண் இருந்தாலும் நீரில் ஊறிய பிறகு அது அழுத்துவது சுமார் 13 டன்தான். மிச்சம் 4 டன் மேல்நோக்கி இழுக்கிறது. அடியில் கான்கிரீட்டோடு பட்டை போட்டுக் கட்டியிருந்தால் தப்பும். பழைய பட்டை துருப்பிடித்திருந்தால் அதுவும் இல்லை.

உடனே டேங்குக்குள் தண்ணீர் விட்டு எடை ஏற்றுங்கள், அழுக்குத் தண்ணீர்ச் செலவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குழாய் இணைப்புகள் இழுபட்டு உடைந்திருக்கும், எல்லாவற்றையும் சோதியுங்கள். மூடும் வேலைக்குத் தமிழ்நாட்டில் நல்ல காலம் பிப்ரவரி முதல் ஜூன் வரை. உறிஞ்சி எடுத்த டேங்கை மழைக்காலத்தில் வாரக்கணக்கில் காலியாகப் போட்டு வைக்காதீர்கள்.

தோண்டிய குழியில் பெட்ரோல் வாசனை, நீரில் எண்ணெய்ப் படலம்

கசிவு நடந்திருக்கிறது. குழியை மூடி மறைக்க வேண்டாம். வாசனையுள்ள மண்ணைத் தனியாக, தடித்த தார்ப்பாய் மேல் குவித்து மூடி வையுங்கள். குழியின் அடியிலும் நான்கு சுவரிலும் மண் மாதிரி எடுத்துக் கண்ணாடிக் குப்பியில், காற்று இடைவெளி இல்லாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் அன்றே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் பெசோவுக்கும் தெரிவிக்க வேண்டும். சுற்றியுள்ள வீடுகளின் கிணறு, போர் தண்ணீரையும் சோதிக்கச் சொல்லுங்கள். அவர்கள் அதைக் குடித்துக்கொண்டிருக்கலாம்.

காயலான் கடையில் கட்டிங் வைத்ததும் குபீரென்றது

டீசல் டேங்குகளில் இது அடிக்கடி நடக்கக் காரணம், "டீசல் தானே, பிடிக்காது" என்ற நம்பிக்கை. குளிர்ந்த டேங்கில் மீட்டர் உண்மையாகவே 0 காட்டும். கட்டிங் டார்ச் தகட்டைச் சூடாக்கியதும், செதிலுக்கு அடியில் இருந்த டீசல் ஆவியாகி எரியும் எல்லைக்கு வந்துவிடும். 0 காட்டிய மீட்டர் பொய் சொல்லவில்லை. டார்ச் வைத்த பிறகு உண்டான ஆவியை அது முன்பே எப்படிக் காட்டும்?

டேங்கை வெளியே அனுப்பும் முன் எல்லா வாயையும் அடைத்து, மேலே ஒரு 3 மி.மீ. துளை மட்டும் விடுங்கள். துளை மேலே இருக்கும்படி லாரியில் ஏற்றுங்கள். இறக்கிய இடத்தில் மறுபடி அளக்க வேண்டும். வெட்டும் கோட்டின் இருபுறமும் வெறும் இரும்பு தெரியும் வரை சுரண்டி, சோப்புத் தண்ணீரால் கழுவியிருக்க வேண்டும். ஹைட்ராலிக் கத்தரியால் வெட்டுவதே மேல்.

யாருக்கும் தண்ணீர்த் தொட்டியாகவோ தானியம் வைக்கவோ விற்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் இரும்பின் குழிகளில் ஊறியது போகாது. பங்கிலிருந்து அனுப்பும் முன்பே பக்கத்தில் பெரிய ஓட்டைகளை வெட்டிவிட்டால் அந்த ஆசை யாருக்கும் வராது.

டேங்க் இருக்கும் இடத்திலேயே நிரப்பி மூடுகிறோம், 15 கன மீட்டரிலேயே நிறைந்துவிட்டது

மேலே கூரைத் தூணோ கட்டடமோ இருந்து தோண்ட முடியாவிட்டால்தான் இந்த முறை. சுத்தம் செய்யாமல் நிரப்பினால் கழிவை மண்ணுக்குள் பூட்டி வைத்ததாகிவிடும்.

20 கேஎல் டேங்குக்கு 20.4 கன மீட்டர் பிடிக்க வேண்டும். மணல் கணக்கில் ஏழு யூனிட்டுக்குச் சற்று மேல். 15-இல் நின்றால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. உலர் மணல் நிரப்பு குழாய்க்குக் கீழே கூம்பாகக் குவிந்து வாயை அடைத்துவிடும், இரு முனையும் காலியாக இருக்கும். அதனால் உலர் மணல் வேண்டாம். கன மீட்டருக்குச் சிமென்ட் ஒரு மூட்டை, ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) 150 முதல் 200 கிலோ, மீதி எம்-சாண்ட், தானாக ஓடும் அளவு தண்ணீர். இது போதும். கெட்டியான கான்கிரீட் தேவையில்லை, பின்னால் யாராவது தோண்ட வேண்டியிருந்தால் உடைக்கவே முடியாது. 6 கன மீட்டர் மிக்சர் லாரியில் மூன்றரை லோடு.

கலவையைத் தாழ்ந்த முனையில் விடுங்கள். வென்ட் உயர்ந்த முனையில் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே காற்று சிக்கி நிற்கும். அங்கே வென்ட் இல்லாவிட்டால், ஆவி சோதனை முடித்து, பொறி வராத முறையில் ஒரு துளை போட்டுக்கொள்ளுங்கள். ஊற்றிய அளவை லோடு லோடாக எழுதி வாருங்கள். வென்டிலேயே கலவை எட்டிப் பார்த்தால்தான் நிறைந்தது என்று அர்த்தம். ஒரு நாள் விட்டுப் பார்த்தால் சில செ.மீ. இறங்கியிருக்கும், நீர்த்த கலவையால் மேலே நிரப்பி, பிறகே வென்டை அறுத்து அடைக்க வேண்டும்.

மூடிய அடுத்த மழைக்குப் பிறகு தரை குழிகிறது

டேங்கைத் தோண்டி எடுத்த குழி என்றால், மண்ணை ஒரே மூச்சில் கொட்டி மூடியிருக்கிறார்கள். 20 முதல் 30 செ.மீ. அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் நனைத்து இடித்திருக்க வேண்டும். தாழ்ந்த இடத்தைத் தோண்டி அப்படியே திரும்பப் போடுங்கள். உள்ளேயே நிரப்பிய டேங்க் என்றால் ஊற்றிய அளவுச் சீட்டை எடுத்து 20.4 வருகிறதா என்று கூட்டிப் பாருங்கள். குறைந்தால் உயர்ந்த முனைக்கு மேல் ஒரு துளையிட்டு, அந்தக் குறைவுக்குச் சரியாக நீர்த்த கலவையை விடுங்கள். டேங்க் இருக்கும் இடத்தை இரண்டு நிலையான புள்ளிகளிலிருந்து டேப்பால் அளந்து, மனை வரைபடத்தில் குறித்து, ஒரு பிரதியை நிலத்தின் பத்திரத்தோடு வையுங்கள். நாளை அங்கே போர் போட வருபவருக்கு அது தெரிய வேண்டும்.